பத்தொன்பது பைட் மிச்சம்

தை செங், ஏழாம் மாடி, இரவு இரண்டரை.
லிஃப்டில் எழுதியிருக்கிறது: பதின்மூன்று பேர், 885 கிலோ.
கீழே கார் நிறுத்தத்தில் மஞ்சள் குறுக்குக் கம்பி
இரண்டு மீட்டர் பத்து என்று சங்கிலியில் ஆடுகிறது.
இந்த ஊரில் எதுவும் தன் எல்லையைக்
கேட்காமலே சொல்லிவிடும்.
வட்டு சொல்லாது.
அதனிடம் கேட்க வேண்டும்.

நான் கேட்கவில்லை.

துவாஸ் விடுதியில் குரல் அனுப்ப ஒரு பெட்டி இருக்கிறது.
பேசலாம், கோப்புக்குப் பெயர் வைக்கலாம்,
ஊரில் ஒரு கைபேசி அதைத் திறக்கும்.
சின்னக்காளைக்குப் பேச்சு வரவில்லை.
முதுகுக்குப் பின்னால் ஆறு பேர் நிற்கும்போது
மனைவியிடம் யார்தான் பேசுவார்?
நான்கு விநாடி மூச்சும் மின்விசிறியும்தான் பதிவானது.
சொல்ல வந்ததை எல்லாம்
பெயர் கேட்ட கட்டத்தில் எழுதிவிட்டார்.

*செவ்வந்தி நான் சுகம் பொங்கலுக்கு ஊருக்கு வரமாட்டேன்*

புதுக்கோட்டைப் பக்கம் போய்ச் சேர்ந்தது இவ்வளவுதான்.

அவர் எழுதியது
*வரமாட்டேன்னு நினைக்காதே டிக்கெட் போட்டாச்சு.*

எண்ணிப் பார்த்தேன்.
எழுத்துக்கு மூன்று பைட்.
கொம்புக்கும் காலுக்கும் தனியே மூன்று.
ன் தலையில் வைத்த புள்ளிக்கும் மூன்று.
இடைவெளி மட்டும் ஒன்றே ஒன்று,
பேசாமல் இருப்பது இங்கேயும் மலிவு.
முழு வாக்கியம் 236.
என் நிரல் வெட்டிய இடம் 143.
ன்-னுக்கும் னு-வுக்கும் நடுவில்,
ஒரு ரத்தத்துளி இல்லாமல்.

யார் வைத்த 143 அது?
மூன்று வருஷத்துக்கு முன் பூட்டுப் போட்ட பழைய வட்டு ஒன்று,
பெயரையும் பொத்தி வைக்கும், அதனால் இடம் குறைவு.
அந்த வட்டு போய்விட்டது. எண் தங்கிவிட்டது.
எழுதியது நான்.
புது வட்டிடம் பாத்கான்ஃப் என்று ஒரு வரி கேட்டிருந்தால்
255 என்று உடனே சொல்லியிருக்கும்.

துவாஸுக்குப் போய்ச் சொன்னேன்.
143 என்றதும் வெடித்துச் சிரித்துவிட்டார்.
"எங்க ஊர் டவுன் பஸ்ஸுல
சீட்டு முதுகு பூரா காம்பஸால கீறியிருப்பானுங்க மேடம்,
ஐ லவ் யூவுக்கு அதான் நம்பர்."
அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்:
"நாலு நாளா போனை எடுக்க மாட்டேங்குறா."

கையேட்டில் ஒரு பத்தி உண்டு.
எல்லை கேட்டால் சில சமயம் கழித்தல் ஒன்று வரும்.
அதற்கு இரண்டு பொருள்:
கேள்வியே தவறு,
அல்லது
இதற்கு எல்லை என்று எதுவும் இல்லை.
விடையை வைத்துப் பிரிக்க முடியாது.
கேட்பதற்கு முன்பே
உன் பிழை எண்ணைப் பூஜ்யமாக்கி வைத்திருக்க வேண்டும்.
பிறகு பார்: அது அசைந்ததா, அப்படியே இருக்கிறதா.

பழைய பிழையைத் துடைக்காமல் கேட்டவனுக்கு
எல்லா மௌனமும் கோபமாகத்தான் தெரியும்.
இதை அவரிடம் எப்படிச் சொல்வது?
"மறுபடி கூப்பிடுங்க" என்றேன்.
"மொதல்ல மன்னிப்பு, அப்புறம் டிக்கெட்."
தப்பு என்னுடையது என்பதையும் சொல்லச் சொன்னேன்.
எழுதிக்கொண்டார், உள்ளங்கையில், நீல மையில்.

திரும்பி வந்து எண்ணை அழித்தேன்.
இனி ஒவ்வொரு வட்டையும் கேட்டுவிட்டே எழுதும்.
எதிர் மேசை ஹுய் ஷான் மாற்றத்தைப் படித்துவிட்டு
"ஒரு வரிதானே?" என்றாள்.
ஒரு வரிதான்.

அவர் பெயரிட்டதை முழுசாகத் திரும்ப அனுப்பினேன்.
255-இல் 236 போக மிச்சம் பத்தொன்பது.
ஓர் இடைவெளி, அப்புறம் ஆறு குறிகள்.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்,
தங்கம் என்ற சொல் அதில் கச்சிதமாக உட்காரும்.

நான் சேர்க்கவில்லை.
இடம் இருக்கிறது.
அது அவர் எழுத வேண்டியது.