அரிசி டப்பா

முதலில் அவனுக்கு ரகு என்று பெயர் வைத்திருந்தேன்.
கூப்பிட்டால் திரும்பவில்லை.
கஞ்சமலைச் சித்தருக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளை என்று
ஒரு வரி சேர்த்து, சித்தேஸ்வரன் ஆக்கினேன்.
அப்போதும் திரும்பவில்லை.
காதில் விழுந்த மாதிரி மட்டும் நின்றான்.

நோட்டில் ஒரு பக்கம் முழுக்க அவன் விவரம்:
வயது முப்பத்தொன்பது. வீடு குகையில் ஒரு பின்சந்து.
ரத்தம் பி பாசிட்டிவ். கடன் நாற்பதாயிரம்.
செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறான்.
ரேஷன் கார்டுக்கு இதைவிடக் குறைவாகத்தான் கேட்பார்கள்.
கார்டு வந்தது.
ஆள் வரவில்லை.

ஏழாம் அத்தியாயத்தில் அவன் திருட வேண்டும்.
கதைக்கு அது தேவை.
அந்தப் பட்டறையில் வேலை முடிந்ததும்
எல்லாரும் ஒரே டிரம்மில்தான் கை கழுவ வேண்டும்;
அடியில் தங்கும் வெள்ளிப் பொடிக்கும் கணக்கு உண்டு.
அவ்வளவு கெடுபிடியான இடத்திலிருந்து
அரைக்கிலோ கம்பியை இடுப்பில் சுற்றிக்கொண்டு
மூன்று மாதம் வெளியே வந்தான், வந்தான், வந்துகொண்டே இருந்தான்,
துணிக்கடைப் பொம்மைக்கு யாரோ
கம்பி சுற்றி அனுப்பியது போல.

மகளுக்குக் காய்ச்சல் கொடுத்தேன்.
வட்டிக்காரனை வாசலில் நிறுத்தினேன்.
கண்ணீருக்கென்று தனியாக ஒரு பத்தி.
படித்துப் பார்த்த தனசீலி சொன்னாள்:
"பாவமாத்தான் இருக்கு. ஆனா
நூத்தி நாப்பது பக்கமா இந்த ஆளு
ஒரு வாய் சாப்பிடலையே."

மறுநாள் சாயங்காலம்
பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் கூட்டிப்போய்
தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தேன்.
பீட்ரூட் துருவலை மட்டும் ஒதுக்கினான்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
என்னைக் கேட்காமல் அவன் செய்த முதல் காரியம் அது.

ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு பஸ்.
பதினான்காவது கொண்டை ஊசி வளைவில்
ஓர் அம்மாவின் பர்ஸைக் காணோம்.
பஸ்ஸே குனிந்தது.
ஒருத்தன் மட்டும் எல்லாரையும்விட வேகமாகத் தேடினான்.
எனக்குக் குடலைப் புரட்டியது,
வளைவால் அல்ல.

பதினாறு வயதில்
பரிமளா அக்கா பரீட்சைக்குக் கட்ட வைத்திருந்த
இருநூறு ரூபாயை எடுத்தது நான்.
எடுத்ததில் எழுத ஒன்றுமில்லை, ஒரு நொடி.
அதற்கப்புறம் தேடினேனே,
பாயை உதறி,
சாமி படத்துக்குப் பின்னால் விரல் விட்டு,
அரிசி டப்பாவுக்குள் முழங்கை வரை துழாவி,
"நல்லா ஞாபகப்படுத்திப் பாருக்கா" என்று
அவள்மேலேயே எரிந்து விழுந்து.

ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து
அதைச் சித்தேஸ்வரனிடம் கொடுத்தேன்.
கம்பி எடுக்கும் காட்சியை அடித்துவிட்டு
காணோம் என்ற கூச்சலிலிருந்து தொடங்கினேன்.
முதலில் குனிந்தது அவன்தான்.
தராசைத் தூக்கிப் பார்த்தான்.
டிரம் தண்ணீருக்குள் கையை விட்டான்.
அரிசி டப்பாவையும் விடவில்லை.
"எல்லாரும் பையைக் கவுத்துக் காட்டுங்கடா."
பொடியன் குபேந்திரன்மேல் சந்தேகம் விழுந்தபோது
முதலாளியைவிட அதிகமாகத் திட்டினான்.
அந்த இடத்தில் குரல் உடையட்டும் என்று பார்த்தேன்.
உடையவில்லை.

பனி இறங்கி ஏரி காணாமல் போனது.
கடைசி பஸ்ஸுக்கு நேரமாகியும் எழ முடியவில்லை.
அன்று ராத்திரி அவன்
குபேந்திரன் வீட்டுச் சந்து வரை நடந்து போய்
கதவைத் தட்டாமல்
கழன்று கிடந்த பையனின் செருப்பு வாரை மாட்டிவிட்டுத் திரும்பினான்.
இது நான் கொடுத்ததில்லை.
என்னிடம் அப்படி ஒன்று இருந்ததே இல்லை.

போன வாரம் ஆத்தூரிலிருந்து அக்கா போன் செய்தாள்.
புத்தகத்தைப் படித்து முடித்தாளாம்.
"நம்புற மாதிரிதான் எழுதியிருக்கே."
பிறகு அவள் வீட்டுக் குக்கர்
இரண்டு விசில் அடிக்கும் வரை பேச்சில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்.
கொலுசுப் பட்டறையில
ஏது அரிசி டப்பா?"