ஏழு நாற்பது

ஏழு நாற்பதுக்கு அறுந்துபோகும்.
சில நாள் ஏழு முப்பத்தெட்டு. ஞாயிறென்றால் எட்டு.

முதலில் மழையைச் சொன்னேன்.
வட்டவளையில் எதற்கும் மழையைச் சொல்லலாம்,
யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.
பிறகு கூரைத் தகரத்தை.
பிறகு ரயில் பாதைக்கு மேலே நிற்கும் அந்த ஒற்றைக் கோபுரத்தை.
பிறகு உன்னை.

"நீதானே கட் பண்ணுன" என்றாய் ஷார்ஜாவிலிருந்து.
"நீதான்" என்றேன்.
மூன்று மாதச் சீட்டுக் காசு எங்கே என்ற கேள்வி
பாதி திறந்த உன் வாயில்
கட்டம் கட்டமாக உறைந்து நின்றது.

ஹொட்லைனில் ஒரு பிள்ளை, வெகு மரியாதை:
ஓஃப் பண்ணிட்டுப் போடுங்க, மிஸ்.
ஓஃப் பண்ணிவிட்டுப் போட்டேன்.
சனலை ஆறுக்கு மாற்றினேன், பதினொன்றுக்கு மாற்றினேன்.
அலுமாரி மேலிருந்து ரவுட்டரை இறக்கி
சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்தேன்.
முருகனுக்கு இரண்டு கொம்பு முளைத்ததுதான் மிச்சம்.
யாரோ திருடுகிறார்களென்று பாஸ்வர்டை மாற்றி
மாற்றியதை மறந்து
ஒரு நாள் முழுக்க நானே வெளியே நின்றேன்.

செக்ரோலில் பேர் பதிகிற கை இது,
சும்மா இருக்காது.
கொழுந்துத் துண்டுகளின் பின்பக்கம்
பதினாறு நாள் எழுதி வைத்தேன்:
நேரம், விளக்கின் நிறம், உன் கடைசிச் சொல்.

பதினேழாம் நாள்தான்
ரவுட்டரின் செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்தேன்.
ஓடிய நேரம்: மூன்று நிமிடம்.
மூன்றா?
விடியக்காலையிலிருந்து ஓடுகிறதே.
அப்படியென்றால் காற்றில் எதுவும் அறுபடவில்லை.
இது செத்துச் செத்துப் பிழைக்கிறது.

மறுநாள் அந்த நேரம் திரையைப் பார்க்கவில்லை,
பல்பைப் பார்த்தேன்.
மங்கியது. மஞ்சளாய்க் கிடந்தது. மெல்ல ஏறியது.
சுவருக்கு அந்தப் பக்கம் வாளியில் தண்ணீர் முணுமுணுத்தது.
அருள்மேரி ஹீட்டர் போட்டிருக்கிறாள்.
ஏழரை பஸ்ஸில் பஸ்தியான் வந்திறங்குவான்,
சிமெந்துத் தூளோடு.
ஞாயிறில் அந்த பஸ் பிந்தும்.
பன்னிரண்டு காம்பராவுக்கும் ஒரே வயர்,
என்னைவிட வயதில் மூத்தது.

இந்தக் குளிரில்
பச்சைத் தண்ணீரில் குளி என்று யாரிடம் சொல்வது?
ஹட்டனில் ஒரு சின்ன பெட்டரிப் பெட்டி வாங்கினேன்,
ஆறாயிரத்து நானூறு, கடனுக்கு.

இன்று ஏழு நாற்பது.
பல்ப் மங்கியது. பஸ்தியான் குளிக்கிறான்.
பச்சை விளக்கு அசையவில்லை.
உன் முகம் ஒரு கட்டமும் உடையாமல் முழுதாக இருக்கிறது,
நீ எச்சில் விழுங்குவதுகூடத் தெரிகிறது.
சீட்டுக் காசைப் பற்றி மறுபடி கேட்டேன்.

"லைன் சரியில்லையோ" என்கிறாய்.

லைன் நல்லாத்தான் இருக்கு.
சொல்லு.