கொடை வெடி

தேர்தலுக்காகத் துப்பாக்கியை ஒப்படைக்க
அம்பாசமுத்திரம் ஸ்டேஷனுக்கு வந்தார் சங்கிலிபூதத்தான்.
வலக்காதைத் திருப்பித்தான் கேட்பார்,
இடது பன்றி விரட்டியே போயிற்று.

நார்வேயில் கப்பல்வேலை பார்க்கும் மருமகன் சொன்னானாம்:
அங்கே சைலன்சர் கடையிலேயே கிடைக்கும்,
காதுக்கு நல்லது, பக்கத்து வீட்டுக்கு மரியாதை.
அமெரிக்காவில் கைரேகை, விண்ணப்பம், காத்திருப்பு.
"இங்க வச்சிருந்தாலே ஜெயிலாம்லா.
ஏன் ஏட்டையா?"

சத்தம் ஒரு சாட்சில்லா வே, என்றேன்.
சுட்டா நாலு பேருக்குக் கேக்கணும்.

அவர் சிரிக்கவில்லை.
"வடக்குத்தெருவுல மாரிச்செல்வம் விழுந்த ராத்திரி
இந்தச் செவிட்டுக் காதுலயே கேட்டுது."

ரசீதில் நம்பரைச் சரிபார்த்தேன்.
அந்தக் கேஸில் வாக்குமூலம் எழுதியது நான்.
பதினேழு பேர்.
பதினேழு பேரும் சொன்னார்கள்,
கொடை வெடின்னு நெனச்சோம்.

அது மார்கழி.
ஒன்பதாவது கையெழுத்து
இவருடையது.