பனிக்குச் சாய்த்த கூரை

வேப்பேரியில், ஸ்கூட்டர் மட்டும் நுழையும் சந்தின் முடிவில்
அளவெடுக்கப் போனோம்: நானும் ஏசுபாதமும்
முப்பது மீட்டர் டேப்பும்.
இடிக்கும் முன் ஒரு படிவம் நிரப்ப வேண்டும்.
‘பழமை மதிப்பு’ என்று அதில் ஒரு கட்டம்.
‘இல்லை’ என்று எழுதத்தான் எனக்குச் சம்பளம்.

வீடு முதலில்.
சுவர் இரண்டேகால் அடி.
ஜன்னல்கள் சின்னவை, குளிருக்குப் பயந்தவை.
கூடத்தில் ஒரு கணப்பு;
புகைபோக்கிக்குள் கைவிட்டால்
விரலில் சுண்ணாம்புதான் ஒட்டுகிறது, கரி இல்லை.
கட்டியவன் சித்திரை வெயிலில் நின்றபடி
எங்கோ விட்டுவந்த ஒரு ஜனவரிக்குக் கட்டியிருக்கிறான்.

பின்னால் கொட்டகை. இப்போது டயர் கிடங்கு.
எழுபத்திரண்டடி நீளம். எதிரெதிரே இரண்டு கதவுகள்,
வைக்கோல் வண்டி ஒரு பக்கம் நுழைந்து
மறு பக்கம் வெளியேறும் உயரம்.
நடுவில் கதிரடிக்கும் தளம்,
காற்று குறுக்கே ஓடிப் பதரை வாரிப்போக.
அவன் ஊரில் அது எந்தக் காற்றோ.
இங்கே இரண்டு மணிக்குக் கடலிலிருந்து வந்து
காசிம் பாயின் பில் புத்தகத்தைப் புரட்டியது.

முகட்டுச் சுவரில் ஒரு வட்ட ஓட்டை:
எலி பிடிக்க வரும் கூகைக்கு வாசல்.
நாம் கல்லெடுத்துத் துரத்துவதற்கு
இவன் வழி வைத்திருக்கிறான்.
கூகையும் வந்திருக்கிறது.
செங்கல்மேல் வழிந்த எச்சம், நேற்றையது.

“கூரை ஏன் மேடம் இவ்ளோ சரிவு?”
பனி சறுக்கி விழ, என்றேன்.
“மார்கழிப் பனிக்கா?”
சிரித்தோம். காசிம் பாய் சிரிக்கவில்லை.
“ஊரே மொட்டை மாடியில நின்ன டிசம்பர்ல
இந்தக் கூரை ஒரு சொட்டு விடல. எழுதிக்குங்க.”
அதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

ஏணி போட்டு ஏறினேன்.
தேக்கு. ஆணியே இல்லை, எல்லாம் மரமுளை.
பொருத்துக்குப் பொருத்து உளி கீறிய குறி.
தரையில் கிடத்திச் செதுக்கி, பிரித்து,
மேலே தூக்கிப் பூட்டும்போது
எது எதோடு என்று குழம்பாதிருக்க.
டார்ச் அடித்தேன்.
தூணில் ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று.
துரையின் முறை, ரோமன் எண்.
அதில் செருகிய உத்திரத்தில்

௧
௨
௩

“அளவு சொல்லுங்க மேடம்,” கீழேயிருந்து ஏசுபாதம்.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன், விரல்விட்டு,
பழைய புத்தகப் பக்கங்களின் அடியில் மட்டும்
பார்த்திருந்த எண்களை.

ஆறாம் தூணில் ௭.
ஏழாம் தூணில் ௬.
மாற்றிப் பூட்டிவிட்டார்கள்.
ஒன்றரை விரல் இடைவெளி,
அதில் கொட்டாங்கச்சிச் சில்லு ஒன்று
அடித்து இறுக்கியிருக்கிறது.
திட்டு விழுந்திருக்கும். அல்லது
துரை கீழே அண்ணாந்து நிற்க
மேலே இரண்டு பேர் உதட்டைக் கடித்துக்கொண்டு
ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்திருப்பார்கள்.
கூரை அதற்கப்புறம் அசையவில்லை.

போனில் பில்டரின் மேனேஜர்:
“மரத்த மட்டும் பத்திரமா இறக்கணும்,
பாண்டிச்சேரில ரிசார்ட்டுக்கு கேக்கறாங்க.
அப்படியே நம்பர் போட்டுட்டு வந்துருங்க.”

சிவப்புப் பெயிண்ட் டப்பாவை ஏசுபாதம் திறந்துவிட்டான்.
மூடு, என்றேன்.
நம்பர் இருக்கிறது. கடைசியிலிருந்து
ஒன்றுக்குத் திரும்பி வந்தால் போதும்.

பிறகு டயர் ஒன்றில் உட்கார்ந்து
அந்தக் கட்டத்தில் எழுதினேன்:
ஆறும் ஏழும் மாறியிருக்கின்றன. திருத்த வேண்டாம்.
கொட்டாங்கச்சியையும் சேர்த்து அனுப்பவும்.

இடம் போதவில்லை.
கடைசிச் சொல்
கையெழுத்துக்கு விட்ட கோட்டின்மேல் ஏறி நின்றது.