காலி வண்டி எடை

அயோத்தியாபட்டணம் தாண்டி
ஆத்தூர் ரோட்டில் என் எடைமேடை.
நாற்பது டன் தாங்கும்.
பத்துப் பத்துக் கிலோவாகத்தான் எண்ணும்,
நடுவில் இருப்பது அதன் கண்ணில் படாது.

போன வருசம் ஒரு ராத்திரி
வண்டி வராத நேரம் பார்த்து
விளக்கை அணைத்துவிட்டு ஏறி நின்றேன்.
ஜன்னலுக்குள்ளிருந்து சிவப்பு எழுத்து சொன்னது
நூற்றைம்பது.
நூற்று நாற்பத்தாறாகவும் இருக்கலாமே என்று
இறங்கி வந்து
மீதியிருந்த பரோட்டாவைத் தின்றேன்.

இன்று ஒன்பதாம் நாள்.
வயிற்றில் ஐந்து ஓட்டை, ஐந்து பிளாஸ்திரி.
உள்ளே மிச்சம் வைத்ததை
டாக்டர் ஒரு வாழைப்பழமாக வரைந்து காட்டினார்.
வெட்டியது எங்கே போச்சு என்றேன்.
சிரித்தாரே தவிர சொல்லவில்லை.

இருமல் மருந்துக்குத் தருவார்களே, அந்தக் குட்டிக் கப்.
முப்பது மில்லி.
கால் மணிக்கு ஒருதரம் செல்போன் அலறும்.
உதட்டில் வைத்து, நாக்கில் நிறுத்தி,
கீழே விட்டு,
அது போய்ச் சேர்ந்ததா என்று காத்திருந்து.
அவசரப்பட்டால்
நெஞ்சுக்குழியில் யாரோ முழங்கையை ஊன்றுவார்கள்.

பத்து மணிக்குத் தமயந்தி கொடுத்தனுப்பும் ரசம்.
வேட்டித் துணியில் மூன்று தரம் வடித்தது.
ஒரு சீரகம் கிடையாது, ஒரு தக்காளித் தோல் கிடையாது.
தேர் போன பிறகு
தெரு மட்டும் இருக்கிற மாதிரி.

இந்த ஊரில் இருந்துகொண்டா இதைச் செய்ய வேண்டும்?
எதிரே சேகோ பேக்டரி.
களம் முழுக்க ஜவ்வரிசி
கண் கூசக் காய்கிறது.
காற்றில் கிழங்குப் பால் புளிக்கிறது.
கருமந்துறையிலிருந்து குச்சிக்கிழங்கு
லாரி லாரியாக என் மேல் ஏறித்தான் போகிறது.
எனக்கு மட்டும் ஒரு கரண்டிக் கஞ்சிக்கு
இருபதாம் தேதி வரை தடை.

அர்த்தநாரி ரசீது வாங்க வந்தான்.
என்னங்க, இருமலா?
ஆமாம், இருமல்.
ஆபரேசனை எல்லோரிடமும்
குடலிறக்கம் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.
ஜன்னல் கட்டையில் பேப்பரைப் பிரித்தான்,
தட்டுவடை செட்.
பீட்ரூட் சிவப்பு பேப்பரில் ஊறி
ஒரு அரிசி விலையை அழித்திருந்தது.
ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கங்க.
வேண்டாம்ப்பா.
கடித்தான்.

அந்தச் சத்தம்.

அப்போதுதான் தெரிந்தது,
ஒன்பது நாளாக என் வாய்க்குள் சத்தமே இல்லை.
பசி இல்லை, அது நிஜம்.
பசி இருந்தால்கூட ஒரு நியாயம் இருக்கும்.
நாலு மணியானால் கைதான்
மேசை டிராயரைத் திறக்கிறது.
முறுக்கு டப்பா இருந்த இடத்தில்
ரசீதுப் புத்தகங்கள்.
கை அதையும் ஒருமுறை தடவிவிட்டு வருகிறது.

ஒன்று செய்தேன், டயட்டீஷியன் பெண்ணிடம் சொல்லாதீர்கள்.
நேற்று யாரோ விட்டுப்போன சாம்பிள் பொட்டலத்திலிருந்து
ஒரே ஒரு ஜவ்வரிசி.
பச்சையாக.
நாக்கின் கீழே ஒளித்துக்கொண்டேன்.
நான்கு லாரி எடை போட்டேன்,
இரண்டு பேரிடம் சண்டை போட்டேன்,
சேர்வராயன் மலை மேல் வெயில் இறங்கி
மலையும் காணாமல் போனது.
அது இன்னும் இருந்தது,
கடுகளவு, வழவழவென்று.
பிறகு எப்போது இல்லாமல் போனதென்று
எனக்கே தெரியாது.

ராத்திரி மறுபடி ஏறி நின்றேன்.
எழுத்து நூற்று நாற்பது என்றது,
நூற்று முப்பது என்றது,
மறுபடி நாற்பது.
காற்றடித்தால் காலி டேங்கருக்கு அப்படித்தான் காட்டும்.

காலி வண்டி எடை போடும்போது
டிரைவர் இறங்கிவிட வேண்டும்.
கண்டிப்பான விதி.
எத்தனை பேரைச் சத்தம் போட்டு இறக்கியிருக்கிறேன்.
நான் எந்தப் பக்கமாய் இறங்குவது?

செல்போன் அலறுகிறது.
மேடையில் அர்த்தநாரி, இரண்டாம் நடை,
ஹாரன் மேல் ஹாரன்.
இரப்பா என்கிறேன்.
இன்னும் பத்து மில்லி பாக்கி.