மூன்று சொட்டு

மலையேறும் விஞ்ச் வண்டி ஒன்பதரைக்கு நின்றுவிடும்.
அதன்பிறகு வால்பரைசோவுக்குள் இறங்கப் படிகள்தான்.
நூற்று அறுபத்திரண்டு என்கிறார்கள், நூற்று முப்பது என்கிறார்கள்.
எல்லாம் என் கடையில் குடித்துவிட்டு எண்ணிய கணக்கு.

ஏழே மேசை. மூலையில் இருப்பதற்குக் கால் ஆடும்.
அட்டை மடித்து வைத்தேன், பழைய சாவி வைத்தேன்,
இன்னும் ஆடுகிறது.
வியாழக்கிழமை நால்வரும் அதில்தான் உட்காருவார்கள்.

ஒரு காலத்தில் துறைமுகச் சுங்கத்தில் ஒரே அறை.
இஸ்மேனியா இப்போது பல் மருத்துவரிடம் கணக்கு எழுதுகிறாள்.
ஒஸ்வால்தோ நாய்களுக்கு முடி வெட்டுகிறான், சட்டையெல்லாம் ரோமம்.
பெர்னார்டா மட்டும் அதே நாற்காலியில்,
அதனால் வம்பு அவளிடமே நிறைய.
நிபால்தோ கிரேனுக்கு மாறினான்.
பிறகு கிரேனிலும் இல்லை.
ஏன் என்று அந்த மேசையில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

முதலில் தட்டு போகும்.
வறுத்த உருளைக்கிழங்குக் குன்று,
அதன்மேல் சரிந்து கிடக்கும் வெங்காயம், மாட்டிறைச்சிக் கீற்று,
உச்சியில் இரண்டு முட்டை.
ஆட்கள் நான்கு, முட்டை இரண்டு.
ஒரே தட்டில் நான்கு முட்கரண்டி,
எச்சில் பார்க்கிற நட்பெல்லாம் எப்போதோ கழன்றுவிட்டது.
யார் மஞ்சளைக் குத்தி உடைக்கிறார்கள் என்று பார்த்தால்
அந்த வாரம் யாருக்கு நல்லது நடந்தது என்று தெரியும்.

அப்புறம் பிஸ்கோ சவர்.
எலுமிச்சை, சர்க்கரை, முட்டை வெள்ளை,
தோள் கழன்றுவிடும்போல் குலுக்க வேண்டும்.
நுரைமேல் மூன்று சொட்டுக் கசப்பு.

ஆகஸ்ட் மழையில், கடை திறக்குமுன், தனியாக வந்தான் நிபால்தோ.
தொப்பியைக் கழற்றவில்லை.
"யாஸ்னா, இனி எனக்குப் பிஸ்கோ வேண்டாம்.
கோப்பை அதே. நுரை அதே.
விலையும் அதே போடு,
பில்லைப் பிரிக்கும்போது ஒஸ்வால்தோ மூக்கை நுழைப்பான்."

அன்றிலிருந்து குலுக்குகிறேன், சத்தத்தில் குறை வைக்காமல்.
சொட்டுக்குப் பதில் கறுக்கக் காய்ச்சிய லவங்கப்பட்டைத் தண்ணீர்.
மிச்சக் காசு காலி ஆலிவ் ஜாடியில் விழுகிறது.
அது அவனுக்குத் தெரியாது.

இன்றைக்குப் பெர்னார்டா ஏதோ கதை சொன்னாள்,
பிடிபட்ட பெட்டிக்குள் ஐம்பது இடது கால் செருப்பு.
ஒஸ்வால்தோ சிரித்து மேசையைத் தட்ட,
மேசை ஆட,
கோப்பைகள் இடம் மாறின.
எடுத்துக் குடித்தாள் இஸ்மேனியா.

ஒரு வாய்தான்.
நாக்கு தேடியதைக் கண்டுபிடிக்கவில்லை.
நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.
நான் துடைத்த கோப்பையையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் இன்னும் செருப்புக்குச் சிரித்துக்கொண்டிருந்தான்.
கோப்பையை அவன் கைக்கருகே நகர்த்தினாள்,
அதற்குமுன்
விளிம்பில் ஒட்டிய உதட்டுச் சாயத்தைக்
கட்டைவிரலால் துடைத்துவிட்டு.

பிறகு ஒரு முட்டையை முழுசாக அவன் பக்கம் தள்ளினாள்.
"எனக்கென்ன விசேஷம்?"
"ஆறிப்போகுது, தின்னு."
சலூத் என்றார்கள்.
நான்கு கோப்பையிலும் ஒரே வெள்ளை.

ஒரு மணிக்குக் கதவைப் பாதி சாத்தி நின்றேன்.
கீழே இருட்டில் படி எண்ணும் குரல்கள்.
பெர்னார்டா எழுபதில் தடுமாறினாள்.
ஒஸ்வால்தோ அறுபதை இரண்டு முறை சொன்னான்.
கடைசியில் நிபால்தோவின் குரல், உலர்ந்து, தெளிவாக:
"நூற்று நாற்பத்தேழு."

"தப்பு!" என்று கத்தினாள் இஸ்மேனியா,
தெருவே கேட்கும்படி.
"குடிகாரா, தப்பு!
மேலே ஏறி, முதலிலிருந்து எண்ணு."