முப்பது கிலோ

பாடாங் செராயில் மழை விட்டு இரண்டு நாள்.
செம்மண் இன்னும் பூட்ஸைக் கழற்றித்
தன்னிடமே வைத்துக்கொள்கிறது.
பள்ளி மண்டபத்துக்குக் கூரை ஏற்ற வேண்டும்.
பதினொரு இரும்புச் சட்டம்,
ஒவ்வொன்றும் எழுநூறு கிலோ.

"பெரியதையே எடு, குமுதா" என்றார் தணிகாசலம்.
"பதினேழு மீட்டர். பின்னால் கையைப் பிசையக் கூடாது."
முதலாளிக்கு எல்லாமே கல்யாணச் சாப்பாட்டுக் கணக்கு.
மிஞ்சலாம்,
குறைந்தால்தான் மானம் போகும்.

நான் டேப்பை எடுத்துக்கொண்டு நடந்தேன்.
செம்பனைக் காட்டைத் தாண்டிப்
பள்ளிக்குத் திரும்பும் சந்தில் ஒரு மதகு.
பலகை சொல்கிறது: பன்னிரண்டு டன்.
பதினேழு மீட்டர் வண்டியோ
வெறும் வயிற்றோடு பதின்மூன்று.

கூலிம், மதியம், வாடகைக் கடை.
தவுக்கே கோ எங் சூன் கோப்பி ஓ வாங்கித் தந்து
பதினாலு மீட்டர் டெலிஹேண்ட்லரைத்
தட்டிக் காட்டினார், மாட்டை விற்கிறவர்போல.
"நாலு டன் தூக்கும் லா, தங்கச்சி!"

ஏறி உட்கார்ந்தேன்.
கண்ணாடியோரம் பிளாஸ்டிக் உறையில் ஓர் அட்டை,
விசிறிபோல் விரியும் கோடுகள்.
நாலு டன் என்பது
கையை மடக்கி மார்போடு வைத்திருக்கும்போது.
நீட்ட நீட்ட
மூன்று, இரண்டு, ஒன்றரை...
எட்டு மீட்டர் முன்னால் எழுநூற்றைம்பது.

எனக்கு எட்டு மீட்டர்தான் வேண்டும்.
மண்டபத்தின் நடுவுக்கு ஐந்து,
சுவரோர வாய்க்காலுக்குப் பயந்து
தள்ளி நிற்க மூன்று.
சட்டம் எழுநூறு,
அதைப் பிடிக்கிற கொக்கி எண்பது.
கொக்கியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

"முப்பது கிலோதானே, மிஷினுக்குத் தெரியாது."
"தெரியும் தவுக்கே.
அதற்கென்றே உள்ளே ஒரு மணி வைத்திருக்கிறார்கள்."
அவர் சிரித்தார். மறுக்கவில்லை.

வழியெல்லாம் அந்த முப்பது கிலோ
பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வந்தது,
ஒரு மூட்டை அரிசி அளவு,
ஒன்பது வயதுப் பையன் அளவு.
அந்தக் கூரையின் கீழ்தான்
ஒன்பது வயதுப் பையன்கள் உட்காரப் போகிறார்கள்.

எங்கள் பார்வையெல்லாம் உச்சியிலேயே இருந்தது,
எவ்வளவு உயரம், எவ்வளவு உயரம் என்று.
வண்டி எங்கே நிற்கும் என்று
ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

எண்ணெய் ஆலையில் நான்கு தகடு இரவல்,
இரண்டு விரல் தடிமன்.
வாய்க்கால்மேல் அடுக்க அரைநாள்.
அந்த அரைநாள் முழுக்க முதலாளி
என்னைத் தவிர எல்லோரிடமும் பேசினார்.

மறுநாள் சாருல் ஓட்டினான், சிக் ஊர்க்காரன்,
உதட்டில் அணைந்த சிகரெட்.
தகடு ஒருமுறை முனகியது.
ஆறு மீட்டர்.
சட்டம் எழுந்து, காற்றில் யோசித்து,
போல்ட் துளைமேல் போய் உட்கார்ந்தது.

எட்டாவதில் மட்டும் மணி அடித்தது.
சோம்பலில் ஒரு மீட்டர் பின்னாலேயே நிறுத்தி
கையை நீட்டியிருக்கிறான்.
இறக்கு என்றேன்.
இறக்கி, முன்னால் நகர்த்தி, மறுபடி.

பதினொன்றும் ஏறிய மாலை தணிகாசலம் சொன்னார்:
"அடுத்த தடவை பெரியதாகவே எடு."
சரி என்றேன்.
டேப்பில் ஒட்டிய செம்மண்ணைத்
துடைத்துத் துடைத்துச் சுருட்டினேன்.